பச்சை வயர்

டெஸ்டரைக் கிரைண்டர் விளிம்பில் வைத்தேன்.
எரிந்தது.
குழாயில் வைத்தேன். மங்கலாக அங்கேயும்.
"லேசாத்தாண்ணே சுள்ளுங்கும்,
கட்டெறும்பு கடிச்ச மாதிரி" என்றாள் லூர்துமேரி.
அவள் நிற்பதற்கு ஒரு பலகை.
பலகைமேல் ரப்பர் செருப்பு.
ஈரக் கையோடு கிட்டே வரக்கூடாது என்பது
ஒன்பது வயசுப் பையனுக்கு வாய்ப்பாடு.
இவ்வளவும் தானே கண்டுபிடித்தவளுக்கு
நான் எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது.

செல்லூர்க் கண்மாய்க்கரையில் ஓட்டுச் சாய்ப்பு.
மரப்பட்டியில் ஓடும் பழைய வயரிங்;
தொட்டால் விரலில் உதிர்கிறது, பூண்டுத் தோலாக.
எர்த் எங்கே போகிறது என்று தேடிப்போனால்
கொல்லையில் துருப்பிடித்த பைப் தனியாக நிற்கிறது.
சுவரிலிருந்து வேப்பமரத்துக்கு
இறுக்கிக் கட்டிய பச்சை வயரில்
பள்ளிக்கூடச் சட்டை, ஒரு டவுசர், ஒரு நைட்டி.
மண்ணுக்குள் போகவேண்டியது
வெயிலில் தொங்குகிறது.
சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள்,
எதற்கென்று தெரியாமல்.

காலண்டர் தாளின் முதுகில் எழுதினேன்.
வயர், பைப், சுவிட்சுகள்,
ஆளைத் தூக்கிப்போடும் முன்
கரண்டைத் தூக்கிப்போடும் பெட்டி.
என் கூலியைப் பாதியாக்கியும்
பதினோராயிரத்து நானூறு.
"பாக்கெட்டுக்கு ஆறு ரூவா நிக்கும்ணே.
ஆயிரத்துத் தொள்ளாயிரம் பாக்கெட்டு."
போனில் நான் தட்டி முடிப்பதற்குள்
அவள் வாயில் கணக்கு முடிந்திருந்தது.
வீட்டுக்காரர் திருமங்கலத்தில்.
"அழுத்திச் சொன்னா காலி பண்ணுன்னுவாரு.
இப்போதைக்குக் கட்டி விடுங்க.
பீஸ் போகாம, கம்பி கொஞ்சம் தடிமனா."

தடிமனான கம்பி.
அந்த வார்த்தையை அவளுக்குக் கொடுத்தவன்
எனக்கு முன்னால் வந்துபோன எவனோ.
முடியாதென்று நான் எழுந்து போனால்
பின்னால் வரப்போகிறவனும் அவன்தான்.
நூறு ரூபாய்க்குக் கட்டுவான்.
என் கை சுத்தம்.
அவள் கை ஈரம்.

மெயினை இறக்கிவிட்டுப் போவதுதான் முறை.
இறக்கினால் ஊறவைத்த எட்டுப் படி அரிசி
அண்டாவில் கிடந்து என்னைப் பார்க்கும்.

வண்டிப் பெட்டியில் ஒரு வயர்ச் சுருள் இருந்தது.
கே.கே. நகர் டாக்டர் வீட்டு வேலையில் மிச்சம்,
இருபது மீட்டருக்குக் கொஞ்சம் கூட.
பில் அவருடையது.
நாளைக்குத் திருப்பித் தரவேண்டியது.
கேட்கமாட்டார், எவ்வளவு மிச்சமென்று அவருக்குத் தெரியாது.
தெரியாதவரிடமிருந்து எடுப்பதற்கு என்ன பெயர் என்று
எனக்குத் தெரியும்.

எடுத்தேன்.
மெயினிலிருந்து கிரைண்டருக்கு மட்டும் தனி லைன்,
தனி ஃபியூஸ், சன்னக் கம்பி.
கொடியை அவிழ்த்தேன். துணிகளை அவள் தோளில் வாங்கிக்கொண்டாள்.
பச்சை வயரைப் பைப்பில் இறுக்கி,
மாவுக்கு வைத்திருந்த கல்லுப்பை அள்ளிப் போட்டு
நாலு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னேன்.
பின்கட்டு, குளியலறை
இரண்டையும் துண்டித்து
ஃபியூஸ் கட்டையை உருவிச் சட்டைப்பையில் போட்டேன்.
"மெழுகுவத்தி வச்சுக்கங்க. மத்தத மெதுவாப் பாப்போம்."
மாதம் ஐந்நூறு என்று பேச்சு.
பேச்சுதான்.

டெஸ்டர் எரியவில்லை.
புறங்கையால் விளிம்பைத் தொட்டுக் காட்டினேன்.
ஒன்றுமில்லை.
அவள் தலையாட்டினாள்.
பலகையை விட்டு இறங்கவில்லை.

ஒரு தூக்குவாளி மாவு கொடுத்தாள்.
கூலி என்று அவள் சொல்லவில்லை,
வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

ராத்திரி பத்தே காலுக்கு அவள் நம்பர்.
எடுப்பதற்குள் நான்கு முறை அடித்துவிட்டது.
அந்த நான்குக்குள்
பையன், ஈரக் கை,
நான் சரியாக முறுக்காமல் விட்ட ஏதோ ஒரு திருகு.
"அண்ணே, அந்தப் பீங்கான் கட்டை ஒங்ககிட்டயா இருக்கு?
பய இருட்டுல குளிக்கப் பயப்படுறான்."
ஆணியில் தொங்கிய சட்டையைத் தடவினேன்.
"இங்க காணோமே" என்றேன்.
"தேடிப் பாக்குறேன்."

கடையில் அது நாற்பது ரூபாய்.
அது அவளுக்குத் தெரியாமல் இருக்கவேண்டும்.